நடக்காத வகுப்பு

மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு ஜெஸ்ஸி கல்லூரியின் இரண்டாம் மாடிக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. தன் வகுப்பில் இருக்கிற மற்ற ஐம்பத்தேழு பேரும் கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவர்கள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். வென்டிலேட்டர் கண்ணாடி உடைந்திருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்துக் கீழே பார்த்தாள். கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தோழி ஷர்மிளா மட்டும் கொஞ்சம் பின்தங்கி, பஸ் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்று ஜெஸ்ஸி அவளிடம் காலையில் பொய் சொல்லியிருந்தாள். போய்விட்டாளா என்று பார்த்திருப்பாள் போல.

நகரத்துக்கு வெளியே மேட்சலைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது அந்த ஊர். ஊர் என்றால் நாலு கல்லூரி, எட்டு ஜெராக்ஸ் கடை, எண்ணி மாளாத விடுதிகள். அதில் ஒரு பார்மசி கல்லூரியில் ஜெஸ்ஸி மூன்றாம் வருஷம். அங்கே பரம்பரையாக ஒரு வழக்கம் உண்டு. செமஸ்டரின் கடைசி நாள், கடைசி லேப்புக்கு ஒருத்தரும் போகக் கூடாது. மொத்த வகுப்பும் மாஸ் பங்க் அடித்துவிட்டு நெடுஞ்சாலை தாபாவில் பிரியாணி சாப்பிட வேண்டும். வாத்தியார் வந்து காலி அறையைப் பார்ப்பார், பதிவேட்டில் வகுப்பு நடக்கவில்லை என்று எழுதுவார், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் வகுப்பு நடந்த கணக்கு. மற்ற அத்தனை பேருக்கும் இரண்டு மணி நேரம் ஆப்சென்ட்.

போன வருஷம் சீனியர்களில் ஒருவன் அப்படி உள்ளே போய் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவனோடு ஒரு நாய்கூடப் பேசவில்லை. இன்றைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறக்கிறான். அந்த அனுபவத்தில் வகுப்புத் தலைவன் இர்பான் புதுச் சட்டம் ஒன்று போட்டிருந்தான். தாபாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் போனை அவன் பையில் போட்டுவிட வேண்டும். முதலில் தன்னுடையதைப் போட்டான். வாத்தியார் போன் போட்டு மிரட்டினாலும் யாரும் உருகிவிடக் கூடாது என்பது அவன் வாதம்.

ஜெஸ்ஸிக்குப் பங்க் அடிக்கப் பிடிக்காது என்றில்லை. அவளுக்கு வேறு வழியில்லை. பல்கலைக்கழகத்துச் சட்டப்படி எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும். நோய்நொடி என்று சான்று கொடுத்தால் அறுபத்தைந்துவரை மன்னிப்பார்கள். அதற்குக் கீழே போனால் கடவுளே சிபாரிசுக்கு வந்தாலும் நடக்காது. பெயர் டிடெய்ன் பட்டியலில் ஏறும், பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். இதுவரை நடந்த வகுப்புகள் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி நேரம். ஜெஸ்ஸி இருந்தது இருநூற்று ஐம்பத்தெட்டு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அறுபத்து நாலு புள்ளி எட்டுதான் வந்தது. இன்றைக்கு லேப் நடந்து, அவள் உள்ளே இருந்துவிட்டால் நானூறுக்கு இருநூற்று அறுபது. சரியாக அறுபத்தைந்து. ஒரு மாதமாக இந்தக் கணக்கை அவள் போட்ட மாதிரி வேதபாடத்தைக்கூட மனப்பாடம் செய்ததில்லை.

இது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மா ரோஸ்லினுக்கு இடுப்பெலும்பு முறிந்தது செப்டம்பரில். அப்பா செல்லப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஷிப்டு மாறி மாறிப் போகிறவர். ஒரே பெண். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் ஜெஸ்ஸிதான். இப்போது அம்மா குச்சியை ஊன்றி நடக்கிறாள். நடந்து வந்து தினமும் கேட்பது ஒரே கேள்வி, என்னால உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகலையே என்று. அறுபத்தெட்டு இருக்கும்மா, கவலைப்படாதே என்று ஜெஸ்ஸி சொல்லிவிட்டாள். ஒரு பொய்யை ஒரு இடத்தில் சொன்னால் எல்லா இடத்திலும் அதையேதான் சொல்ல வேண்டும். அதனால் ஷர்மிளாவிடமும் அறுபத்தெட்டு என்றே சொன்னாள். உண்மையைச் சொல்லியிருந்தால் இர்பான் வகுப்பு நடுவே எழுந்து நின்று, ஜெஸ்ஸிக்காகப் பங்க் ரத்து என்று அறிவித்திருப்பான். ஐம்பத்தேழு பேர் தன்னை ஐயோ பாவம் என்று பார்ப்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. கௌரவம் பார்த்தாள். கௌரவம் பார்த்தவள் கடைசியில் கழிப்பறையில் நிற்கிறாள்.

இரண்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு ஏப்ரனை மாட்டிக்கொண்டு லேப்புக்குள் போனாள். கதவருகே ஸ்டூலில் இருந்த அட்டெண்டர் ஜகதீசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே ஐம்பத்தெட்டு ஸ்டூல்களும் காலியாக இருக்க, புருஷோத்தமன் சார் மட்டும் மேஜையில் குனிந்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். வகுப்புப் பொறுப்பாளர் அவர்தான். கும்பகோணத்துக்காரர், இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஒரு பேட்ச் தவறாமல் எல்லாப் பேட்ச்சும் தன் லேப்பையே பங்க் அடிப்பது அவருக்குத் தீராத எரிச்சல்.

"நீ மட்டுந்தானாம்மா?" என்றார் தமிழில். வகுப்பில் மற்றவர்கள் இருந்தால் இங்கிலீஷ்தான் பேசுவார்.

ஆமாம் என்று தலையாட்டினாள். சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. இரண்டே காலுக்குப் பதிவேட்டை மூடுவேன், அதுவரை வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்கு இரண்டு மணி நேரம் போகும், போகட்டும், நன்றாக வேண்டும் என்று கையைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் தன் முன்னால் இருந்த பெரிய தாளை அவள் பக்கம் தள்ளினார். வகுப்பு முழுவதற்குமான மொத்தக் கணக்கு அது. இன்று சாயங்காலம் பட்டியல் ஆபீசுக்குப் போக வேண்டும், உன் எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துக்கொள் என்றார்.

ஜெஸ்ஸியின் ரோல் நம்பர் நாற்பத்தேழு. பென்சிலில் 258 என்று எழுதியிருந்தது. சரிதான். மூச்சு விட்டாள். பார்வையை எடுத்திருக்கலாம். ஆனால் பரீட்சைத்தாள் கையில் வந்தால் பக்கத்தில் இருப்பவளின் மார்க்கையும் பார்க்கிற புத்தி யாருக்கு இல்லை? நாலு வரி கீழே ஐம்பத்தொன்று, ஷர்மிளா. 259.

தப்பாகப் படித்துவிட்டோம் என்று மறுபடி பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தொன்பதேதான். ஷர்மிளாவுக்கு அறுபத்தேழு சதவீதம் என்று அவளே பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். காலையில் முதல் வகுப்புக்கு அவள் வந்து சேர்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது வாஸ்தவம். லோத்குண்டாவில் வீடு, தம்பியைப் போலாரத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஆனால் கணக்கில் கெட்டிக்காரி. சான்றிதழுக்கு முதுகுவலி இருக்கிறது, அறுபத்தேழு போதும், எழுபது எதற்கு என்று அளந்து அளந்து லீவு எடுப்பாள். அப்படிப்பட்டவள் இருநூற்று ஐம்பத்தொன்பதில் வந்து நிற்க மாட்டாள்.

ஜெஸ்ஸிக்குக் கணக்குப் போடக் காகிதம் தேவைப்படவில்லை. வகுப்பு நடக்காவிட்டால் ஷர்மிளா அறுபத்தைந்துக்கு ஒரு மயிரிழை மேலே. நடந்துவிட்டால் நானூறுக்கு இருநூற்று ஐம்பத்தொன்பது, மயிரிழை கீழே. தன்னைத் தூக்கிவிடுகிற அதே இரண்டு மணி நேரம் அவளைக் கவிழ்த்துவிடும்.

259-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ குறித்திருந்தது. கழித்தல் எட்டு, அடைப்புக்குள் நாற்பத்தேழு. அது தன்னுடைய நம்பர். இது என்ன சார் என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? செப்டம்பர்ல உனக்கு ப்ரசென்ட் சொல்லிருக்கா. நான் குரல வச்சே பிடிச்சேன். டிபார்ட்மென்ட் ரூல், ப்ராக்ஸி குடுத்தா எட்டு மணி நேரம் கட்."

சார் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜெஸ்ஸிக்குத்தான் காது அடைத்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சாயங்காலம் ஷர்மிளா போன் செய்வாள். இன்னிக்கும் நீ காலேஜுக்கு வந்துட்டடி, நல்லாப் பாடம் கவனிச்ச என்று சிரிப்பாள். அப்படி ஏழெட்டு மணி நேரம் சேர்ந்திருக்கும். ஒருநாள் திடீரென்று, இனிமேல் முடியாது, எல்லாரும் ரொம்ப உஷாராகிவிட்டார்கள் என்றாள். ஜெஸ்ஸி அன்றைக்கு மனசுக்குள் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பயந்தாங்கொள்ளி என்றுகூட நினைத்தாள். நினைத்ததை இப்போது நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது.

மணி இரண்டு ஏழு. வராந்தாவுக்கு ஓடிவந்து ஷர்மிளாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி மறுபடி கூப்பிட்டாள். இர்பானைக் கூப்பிட்டாள். அதற்கப்புறம்தான் அந்தப் பை ஞாபகம் வந்தது. ஐம்பத்தேழு போனும் ஒரே பைக்குள் கிடக்கின்றன. தாபா சத்தத்தில் அது கிணற்றுக்குள் போட்டதற்குச் சமம். யார் கேட்கப் போகிறார்கள்? ஓடிப்போய்க் கூட்டி வரலாமா என்று யோசித்தாள். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். இந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஆட்டோ கிடைப்பது குதிரைக் கொம்பு. தவிர அவள் வாசலைத் தாண்டினால் லேப்பில் ஆளே இல்லை.

உள்ளே வந்து சாரிடம் கெஞ்சினாள். எனக்கு மட்டும் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வகுப்பு நடக்காத மாதிரி வைக்க முடியாதா என்றாள். அப்படி ஒரு கட்டம் இந்தத் தாளில் இல்லை என்றார். ஷர்மிளாவுக்கு மட்டும் ப்ரசென்ட் போடுங்கள், அவள் வந்துகொண்டே இருக்கிறாள் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் ப்ராக்ஸியா? இந்த தடவ நீ அவளுக்கா?"

அவர் மேல் தப்பில்லை. சட்டத்தை அவர் போடவில்லை, பங்க்கையும் அவர் அடிக்கவில்லை. ஜெஸ்ஸிக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, ஆள் கிடைக்கவில்லை. மூலையில் மாத்திரையைக் கரைக்கிற மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வந்தவள் வேலையை ஆரம்பி என்றார் சார். ஒரு மாத்திரையை எடுத்தாள். அது கை தவறித் தரையில் விழுந்து உருண்டு போயிற்று.

இரண்டு பத்து.

அவள் மனசு வக்கீல் வேலையை ஆரம்பித்தது. யார் அவளை முதல் வகுப்புக்கு வராமல் இருக்கச் சொன்னது? யார் ப்ராக்ஸி கொடுக்கச் சொன்னது, நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே. இருநூற்று ஐம்பத்தொன்பது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னால் எதனால் என்று கேட்பேன். கேட்டால் அவள் சொல்ல வேண்டும். அதனால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஒருத்தரும் உள்ளே போக மாட்டார்கள் என்று ஐம்பத்தேழு பேரை நம்பித்தான் ஷர்மிளா பிரியாணி சாப்பிடப் போயிருக்கிறாள். அந்த ஐம்பத்தேழில் தானும் ஒருத்தி.

மறுபக்கம் அம்மா. குச்சியை ஊன்றிக்கொண்டு கதவருகே வந்து நின்று முகத்தையே பார்க்கிற அம்மா. டிடெய்ன் என்று தெரிந்தால் அழமாட்டாள், திட்டமாட்டாள். விழுந்த என்னை அங்கேயே விட்டிருக்கலாமே என்பாள். அதைக் கேட்பதைவிட ஒரு வருஷம் என்ன, இரண்டு வருஷம் ஜூனியர்களோடு உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கும். ஸ்டூலை விட்டு நகராமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். சும்மா இருந்தே ஒருத்தியை முடித்துவிடலாம் என்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பதின்மூன்று. சார் பேனா மூடியைத் திறந்தார்.

ஜெஸ்ஸி எழுந்து ஏப்ரனைக் கழற்றினாள். பித்தான் ஒன்று சிக்கிக்கொண்டது, பிய்த்துக்கொண்டு கழற்றினாள். எங்கேம்மா என்றார் சார். நான் போகிறேன் சார், நான் வரவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"வெளில போனா நீ டிடெய்ன். தெரியுமில்ல?"

"ஹவ் சார்" என்றாள். வீட்டிலும் தெருவிலும் ஆமாம் என்பதற்குச் சொல்கிற வார்த்தை, வாத்தியாரிடம் சொல்லக் கூடாதது, தானாக வாயில் வந்துவிட்டது.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் இரண்டாம் முறையாகக் கையில் சிக்கிய வகுப்பு நழுவிப் போகிறதே. நினைத்தபோது வரவும் போகவும் இது என்ன சத்திரமா என்றார். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது, யோசித்துக்கொள் என்றும் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவள் தாங்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியாது. ஓடியே போய்விட்டாள். மரத்தடியில் உட்கார்ந்த பிறகு மணி பார்த்தாள். இரண்டு பதினாறு. மாடிக்குத் திரும்பிப் போவதற்கு இனி அவசியமே இல்லை என்று தெரிந்ததும்தான் அவளால் மூச்சை இழுத்து விட முடிந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். லேப்புக்குள் ஒரு பெண் போனாள் என்று ஜகதீசன் வாசலிலேயே சொல்லிவிட்டார். யார் என்பதும் தெரிந்துவிட்டது. வகுப்பு நடக்கவில்லை என்று பதிவேட்டில் இருந்ததால் யாருக்கும் எதுவும் போகவில்லை. ஆனாலும் துரோகம் துரோகம்தானே. இவள் தனியாகப் போனாள், சார் ஒருத்திக்காக வகுப்பு எடுக்க மறுத்துத் துரத்திவிட்டார் என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அம்மாவை வைத்துப் பொய் சொன்னாளே என்று இர்பான் பஸ் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஜெஸ்ஸி உட்கார்ந்த இருக்கைக்கு முன்னாலும் பின்னாலும் காலியாகவே இருந்தது.

ஷர்மிளா கடைசியாக ஏறினாள். கையில் போன். அதில் ஜெஸ்ஸியின் ஆறு அழைப்புகள். நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி நெடுஞ்சாலைக்கு வந்தது.

"ஏன்டி உள்ள போன?"

ஜெஸ்ஸி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இருநூத்தி அம்பத்தெட்டு" என்றாள்.

அந்தக் கல்லூரியில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஷர்மிளாவின் உதடு அசைந்தது, நானூறால் வகுத்தாள், முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டால் வகுத்தாள். முகம் வெளுத்தது.

"அறுபத்தெட்டுன்னு சொன்னியே."

"நீயும்தான் அறுபத்தேழுன்னு சொன்ன."

"அப்ப உள்ளயே இருக்க வேண்டியதுதானே. எதுக்கு வெளிய வந்த?"

ஜெஸ்ஸி திரும்பி அவளைப் பார்த்தாள். ஷர்மிளா அவள் கையை வெடுக்கென்று பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

"தாளப் பாத்தியா? செவப்பு மையப் பாத்தியா?"

"ம்."

"உனக்கு வருஷம் போகக் கூடாதுன்னுதான்டி நான் ப்ரசென்ட் சொன்னேன். நீயே போய் ஆப்சென்ட் வாங்கிட்டு வந்திருக்க" என்றாள் ஷர்மிளா. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வருஷம் போனது ஜெஸ்ஸிக்கு, அழுதது ஷர்மிளா. இர்பான் உட்பட பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜெஸ்ஸிதான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, நக்கோ ஷர்மி, வேண்டாம், அழாதே, ஒரு வருஷம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்ல, வீட்டு வாசலில் குச்சியோடு நிற்கப்போகிற அம்மாவின் முகம்தான் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் முக்கால் மணி நேரம். என்ன சொல்வது? பட்டியலில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லலாம்.

கொம்பள்ளி போயிற்று, போலாரம் போயிற்று. லோத்குண்டா வந்தது. டிரைவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். ஷர்மிளா எழுந்திருக்கவில்லை. உன் ஸ்டாப் வந்துவிட்டது என்று ஜெஸ்ஸி அவள் தோளைத் தொட்டாள்.

"நான் லாலாகுடா வரேன்" என்றாள் ஷர்மிளா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆண்ட்டிகிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா பொய்தான் சொல்லுவ."

பஸ் மறுபடி கிளம்பியது.